மண்ணிலும் ஒரு கண், விண்ணிலும் ஒரு கண்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

விண்வெளி யுகத்தில் வாழ்கிறோம் என்று பேச்சுப் போட்டி மேடைகளில் நாம் முழங்காத ஆண்டே இல்லை. ஆரியபட்டா என்கிறோம், மங்கள்யான் என்கிறோம், சந்திரயான் என்கிறோம், கைதட்டலும் பெறுகிறோம். ஆனால் மேலே அனுப்பியவை பத்திரமாக இருக்கின்றனவா, அவற்றின்மீது ஏதேனும் மோத வருகிறதா என்று இரவு பகலாய்க் காவல் காப்பவர்களைப் பற்றி எந்த மேடையிலும் எவரும் பேசக் கேட்டதில்லை. தேரை இழுப்பவர்களைக் கொண்டாடுகிறோம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டு கூடவே ஓடுகிறவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் காவலைப் பற்றிய எங்கள் கருத்தை இவ்விதழின் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறோம். நமது நாடு தன் செயற்கைக்கோள்களைக் காக்கத் தரையில் மட்டும் கண் வைத்தால் போதாது, விண்ணிலும் வைக்க வேண்டும். இரண்டு கண்ணும் கண்டதை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே அக்கருத்து.

முதலில் நெரிசலைச் சொல்லிவிடுகிறோம். நம் படப்பை வழியாகச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் செல்லும் லாரிகளின் வரிசை எப்படியிருக்கும் என்பதைப் பெற்றோர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அச்சாலையிலாவது பழுதான லாரியை ஓரமாக இழுத்து நிறுத்துகிறார்கள். ஆகாயத்திலோ செத்துப்போன கோளும் உயிரோடிருக்கும் கோளும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. செத்ததற்கு ஓட்டுநரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பூமியைச் சுற்றும் பொருள்களில் தொடர்ந்து கண்காணிக்கப்படுபவை ஏறத்தாழ 40,000. அவற்றுள் வேலை செய்யும் செயற்கைக்கோள்கள் சுமார் 11,000 மட்டுமே. மற்றவை எரிந்து தீர்ந்த ராக்கெட் பாகங்கள், கைவிடப்பட்ட கோள்கள், உடைந்த துண்டுகள். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளையும் சேர்த்தால் 12 லட்சத்தைத் தாண்டும் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் இவை விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. படப்பையிலிருந்து தாம்பரம் போய்ச் சேர நமது பஸ்ஸுக்கு அரை மணிக்கும் மேல் ஆகிறது. இவற்றுக்கு இரண்டே விநாடி!

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்காவின் இரிடியம் 33 என்ற தகவல்தொடர்புக் கோளும், செயலிழந்து போயிருந்த காஸ்மாஸ் 2251 என்ற ரஷ்யக் கோளும் மோதித் தூளாயின. இரண்டும் மறைந்து வந்தவை அல்ல. இரண்டின் பாதையும் பட்டியலில் இருந்தது. அன்றைய பொதுக் கணக்கு ஒன்று, அவை 584 மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்துவிடும் என்றே சொல்லியிருந்தது. அந்த நாளில் இரிடியம் கோள்களுக்கு இதைவிட நெருக்கமான சந்திப்புகள் வேறு இருந்தபடியால், இதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகிப்போக வேண்டியவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கணக்கில் வைக்கும் அளவுள்ள துண்டுகளே இரண்டாயிரத்துக்கு மேல் சிதறின.

நாங்கள் சொல்ல வந்த செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. 'பார்த்தாயிற்று' என்பது வேறு, 'எங்கே இருக்கிறது என்று தெரியும்' என்பது வேறு. ஒரு பொருளின் இடத்தை விஞ்ஞானிகள் ஒரு புள்ளியாகக் குறிப்பதில்லை. 'இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கிறது' என்று அதைச் சுற்றி ஓர் உறை வரைகிறார்கள். அந்த உறை பந்து போல உருண்டையாக இருக்காது. ஓடும் திசையில் நீண்டு, வெள்ளரிக்காய் போலிருக்கும். நாளாக நாளாகக் காய் நீண்டுகொண்டே போகும். மேல் வளிமண்டலத்தின் மெல்லிய காற்று கோளை எவ்வளவு இழுக்கும் என்பது சூரியனின் சீற்றத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பது அதற்கு ஒரு காரணம். இரண்டு வெள்ளரிக்காய்கள் ஒன்றையொன்று தொட்டால் ஆபத்து மணி அடிக்கிறது. காய் பெரிதாக இருந்தால் மணி ஓயாமல் அடிக்கும். உண்மையான ஆபத்து எது, பொய்யான ஆபத்து எது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் கோளை விலக்கினால் எரிபொருள் தீரும். எரிபொருள் தீர்ந்தால் கோளின் ஆயுளும் தீரும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இஸ்ரோ தன் கோள்களை 23 முறை இவ்வாறு விலக்கியிருக்கிறது. ஆகவே காவல்காரனின் வேலை வெள்ளரிக்காயைச் சிறிதாக்குவதே. எப்படி?

தரையிலிருந்து பார்க்கும் கண் இரண்டு வகை: ரேடார் ஒன்று, தொலைநோக்கி மற்றொன்று. நமக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஸ்ரீஹரிகோட்டாவில், இஸ்ரோவின் பெரிய ரேடார் ஒன்று இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம், 35 டன் எடை. அதன் முகத்தில் 4,608 சிறு அலைபரப்பிகள். ஒரே நேரத்தில் பத்துப் பொருள்களைத் தொடர்ந்து பார்க்கும் திறமை அதற்கு உண்டு. ரேடாருக்கு மேகம் ஒரு தடையல்ல, பகலும் இரவும் ஒன்றுதான். பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் ஒரு பெரிய குறை. தூரம் இரட்டித்தால் எதிரொலி பாதியாகாது, கால்பங்காகவும் ஆகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும்! போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று அலை இருமுறை பரந்து தேய்வதால் வரும் வினை இது. 800 கிலோமீட்டரில் இருக்கும் பொருளை 36,000 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனால் தூரம் 45 மடங்கு ஆகிறது. நான்கு 45-களை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், 41 லட்சம் வரும். எதிரொலி அத்தனை மடங்கு மெலிந்துவிடும்.

அந்த 36,000 கிலோமீட்டர் உயரத்தை வேண்டுமென்றே சொன்னோம். நம் வானிலைக் கோள்கள் நிற்குமிடம் அதுதான். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இவ்விதழைப் படிக்கும் வீடுகளில் பல அறியும். மாடியில் இரண்டு மூன்று நாட்கள் குழந்தைகளோடு ஒடுங்கியிருந்தவர்கள் இன்றும் வங்கக் கடலில் ஒரு சுழி தெரிகிறதென்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது அந்த மேகப் படத்தைத்தான். படம் எடுப்பது இன்சாட் வரிசைக் கோள்கள். அவற்றில் இன்சாட் 3டிஎஸ் என்பது 2024 பிப்ரவரி 17ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. அந்தக் கோள்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், கீழே நனையப்போவது நாம்தான்.

அவ்வளவு உயரத்தைப் பார்க்கத் தொலைநோக்கிதான் கை கொடுக்கும். அது அலை எதையும் அனுப்புவதில்லை. சூரியன் விளக்குப் பிடிக்கிறது, இது பார்க்கிறது. ஒரு வழித் தேய்மானம் மட்டுமே. தூரத்தைச் சொல்லாது, ஆனால் எந்தத் திசையில் என்பதை நட்சத்திரங்களை வைத்து மிக நுட்பமாகச் சொல்லும். இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. நைனிடாலில் 1958 முதல் 1976 வரை அமெரிக்க ஸ்மித்சோனியன் நிலையத்தாரோடு சேர்ந்து, பேக்கர்–நன் என்னும் பெரிய காமிராவால் செயற்கைக்கோள்களைப் படமெடுத்துப் பாதை கணித்தார்கள். உலகம் முழுவதிலும் வைக்கப்பட்டிருந்த 12 காமிராக்களில் அது ஒன்று. அதே நைனிடாலில் உள்ள ஆரியபட்டா ஆராய்ச்சி நிலையத்தோடு 2020இல் இஸ்ரோ மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நம் தமிழ்நாட்டிலும் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. நட்சத்திரங்கள் நடுவே நகரும் ஒரு சிறு புள்ளியைப் பிடித்து, அதை ஒரு புதிய சிறுகோள் என்று 1988இல் கண்டுகொண்டு, அதற்கு நம் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டியவர்கள் காவலூர் விஞ்ஞானிகள்.

ஆனால் தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும், தெளிந்த வானம் வேண்டும். ஐப்பசி அடைமழையில் காவலூர்க் கண் என்ன செய்யும்? வானிலைக் கோள் நமக்கு மிக மிக வேண்டியிருக்கும் நாட்களில்தான், அதைக் காக்க வேண்டிய நம் மலைக் கண்ணை மேகம் மூடிக்கொள்கிறது. இது கற்பனைப் பயமல்ல. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இன்டெல்சாட் 33இ என்ற தகவல்தொடர்புக் கோள் அந்த 36,000 கிலோமீட்டர் வளையத்திலேயே வெடித்து உடைந்தது. எங்கே? இந்துமாக்கடலுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 60 பாகையில், நம் வானிலைக் கோள்களுக்கு மேற்கே, அதே வளையத்தில். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. சுமார் 20 துண்டுகளைப் பின்தொடர்கிறோம் என்று முதலில் உலகுக்கு அறிவித்தது அமெரிக்க விண்படை. நம் தலைக்கு மேலே நடந்ததை உலகத்தின் மறுகோடியிலிருந்து வேறொருவர் சொல்லி நாம் தெரிந்துகொண்டோம். சொன்னவர்களுக்கு நன்றி. ஆயினும் மனத்தில் அது ஒரு முள்ளாகவே இருக்கிறது.

விண்ணில் ஒரு கண் வைத்தால் அங்கே மழையுமில்லை, மேகமுமில்லை, நீல வானத்தின் வெளிச்சமுமில்லை. உச்சிவேளையிலும் ஆகாயம் அங்கே கறுப்புதான். இந்த வேலையை முதலில் செய்து காட்டியது 1996இல் அமெரிக்கா ஏவிய எம்.எஸ்.எக்ஸ் என்ற கோள். ஏவுகணைகளைக் கவனிக்கும் ஆராய்ச்சிக்காகச் சென்ற அது, பிறகு சுற்றுப்பாதைப் பொருள்களைக் காவல் காக்கும் வேலையில் அமர்ந்தது. அடுத்துக் கனடா. சஃபயர் என்ற அவர்களுடைய காவல் கோள், 6,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையுள்ள உயரங்களைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. தான் கண்டதை அமெரிக்காவின் தரை ரேடார்களும் தொலைநோக்கிகளும் சேர்ந்த பெரிய வலையத்துக்கு அது அனுப்பியது. மண் கண்ணும் விண் கண்ணும் ஒரே கணக்கில் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அந்தச் சஃபயர் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா, தோழியரே? 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் மாலை, நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, நம் பி.எஸ்.எல்.வி – சி20 ராக்கெட்டில்! அதே ராக்கெட்டில் கனடாவின் நியோசாட் என்ற இன்னொரு கண்ணும் போயிற்று. பயணப் பெட்டி அளவுதான் அது. உள்ளே இருந்த தொலைநோக்கிக்கு 15 சென்டிமீட்டர் விட்டம். ஊருக்கெல்லாம் கண் கொண்டுபோய்க் கொடுத்த நாம், நமக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

விண் கண் ஒன்றே போதுமே, தரையில் எதற்குச் செலவு என்று ஒருத்தி வகுப்பில் கேட்டாள். போதாது. சிறிய தொலைநோக்கிதான் மேலே போக முடியும். சூரியன் இருக்கும் பக்கம் அது திரும்ப முடியாது. பழுதானால் போய்ப் பார்க்க ஆளில்லை. தான் நிற்குமிடமே தெரியாவிட்டால் தான் கண்டதும் பிழையாகும். தவிர, ஒரு நாள் அதுவும் செத்துக் குப்பையாகும். இரண்டையும் சேர்ப்பதில்தான் நன்மை. காற்றாடியின் நூல் எவ்வளவு நீளம் என்று ஒருவர் சொல்கிறார், எந்தத் திசையில் என்று இன்னொருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் சொல்வதை மட்டும் வைத்துக் காற்றாடியைத் தேடினால் வானத்தையே சுற்றி வர வேண்டும். இரண்டாமவரை மட்டும் நம்பினால் அதே கோட்டில் முடிவில்லாமல் போக வேண்டும். இருவரையும் கேட்டால் காற்றாடி கையில். ரேடார் சொல்லும் தூரமும் தொலைநோக்கி சொல்லும் திசையும் கோளிலிருந்து வேறு கோணத்தில் வரும் பார்வையும் ஒன்று சேரும்போது வெள்ளரிக்காய் மூன்று பக்கமும் சுருங்குகிறது. வெறுமனே சராசரி எடுப்பதன்று இது. எந்தக் கருவி எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்று எடை போட்டுச் சேர்ப்பதாகும். இந்தக் கூட்டுக் கணக்குதான் எல்லாவற்றிலும் கடினமென்றும், கருவி வாங்கிவிடலாம் ஆனால் கணக்கை வாங்க முடியாது என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் நாடு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேத்ரா என்று பெயரிட்ட திட்டத்தின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூர் பீன்யாவில் 2020 டிசம்பர் 14ஆம் நாள் திறக்கப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில் ஒரு தொலைநோக்கியும் அசாமின் சந்திரபூரில் ஒரு ரேடாரும் அத்திட்டத்தில் அடங்கும். ஐப்பசியில் நம் பக்கம் மழை கொட்டும்போது ஹான்லேயில் வானம் தெளிந்திருக்கும், நல்ல தேர்வு. (சந்திரபூர் என்றதும் 2022 ஏப்ரலில் சீன ராக்கெட்டின் உலோக வளையம் வந்து விழுந்த ஊர் நினைவுக்கு வரலாம். அது மகாராஷ்டிர மாநிலத்துச் சந்திரபூர் மாவட்டம், இது வேறு.) 2025 ஜனவரியில் டிகந்தரா என்ற பெங்களூர் நிறுவனம், பிற பொருள்களைக் கண்காணிப்பதற்கென்றே ஸ்காட் என்ற சிறு கோளை அமெரிக்க ராக்கெட் ஒன்றில் அனுப்பியது. தனியார் ஒருவர் முதலடி வைத்துவிட்டார். நாட்டின் காவல் தனியார் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் போதும் என்று நாங்கள் எண்ணவில்லை.

இனி மறுப்புகள். ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். பூட்டு ஆடம்பரமென்றால் வீடு கட்டியதும் ஆடம்பரம்தானே? கோள் அனுப்புவதற்கு முன்பு அக்கேள்வியைக் கேட்டிருந்தால் அதற்கொரு நியாயமுண்டு. அனுப்பிய பின்பு கேட்பது சரியாகாது. அமெரிக்காவின் பட்டியலை இலவசமாகவே தருகிறார்களே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. தருகிறார்கள், நம்மவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்கு முக்கியமானதை முதலில் பார்ப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டார் நம் வாசலையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். அதற்காக நாம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை.

இன்னொன்றை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகாயத்தை அசுத்தமாக்கியதில் நமக்குப் பங்கில்லையா? உண்டு. 2001 அக்டோபரில் சென்ற பி.எஸ்.எல்.வி – சி3 ராக்கெட்டின் கடைசி நிலை, இரண்டு மாதம் கழித்து டிசம்பரில் விண்ணில் வெடித்து முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளானது. 2007இல் சீனா தன் பழைய வானிலைக் கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளை உண்டாக்கியதோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனாலும் அண்டை வீட்டார் அதிகம் கொட்டினார் என்பது நாம் கொட்டியதற்குச் சமாதானமாகாது. ஆகையால் நாம் காண்பதை நாமே வைத்துக்கொள்ளாமல், கோள் வைத்திருக்கும் சிறிய நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. கண்ணாடித் துண்டு கிடக்கும் இடம் தெரிந்தும், வெறுங்காலோடு வருகிறவருக்குச் சொல்லாமல் இருப்பார்களா?

இந்தக் காவல் எவ்வளவு அருகில் நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். சந்திரயான் – 3 புறப்பட்ட 2023 ஜூலை 14 அன்று, மோதல் அபாயத்தைத் தவிர்க்கப் புறப்பாட்டையே 4 விநாடி தள்ளிவைத்தார்கள். 2024 டிசம்பர் 30 இரவு ஸ்பேடெக்ஸ் கோள்களோடு பி.எஸ்.எல்.வி – சி60 செல்ல வேண்டியிருந்த நேரம் 9.58, சென்றது 10 மணிக்கு. மேலே வேறொரு பொருள் குறுக்கே வரும் என்று கணக்கு சொன்னதுதான் காரணம். வடக்கே பார்த்துக்கொண்டு மொட்டைமாடியில் குளிரில் நின்றவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் ஏன் என்று விளங்கியிருக்காது.

அதே சி60 ராக்கெட்டைக் கொண்டே எங்கள் யோசனை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கோள்களை இறக்கிவிட்ட பின் பி.எஸ்.எல்.வி.யின் நான்காவது நிலை முன்பெல்லாம் வெறும் குப்பையாகச் சுற்றும். இப்போது அதில் சூரியப் பலகை பொருத்தி, நிலையாக நிற்கச் செய்து, சிறு ஆய்வுகளுக்கு மேடையாக்கியிருக்கிறார்கள். போயம் என்று பெயர். 2022 ஜூன் 30இல் பி.எஸ்.எல்.வி – சி53இல் முதன்முதலாகச் செய்தார்கள். சி60இன் போயத்தில் 24 ஆய்வுக் கருவிகள் சென்றன. அவற்றில் ஒன்றில் காராமணி விதை விண்ணிலேயே முளைவிட்டது! காராமணிக்கு இடம் கிடைத்த மேடையில் நியோசாட்டில் இருந்தது போன்ற 15 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றுக்கு இடம் கிடைக்காதா? தனிக் கோள் செய்யும் செலவில்லை, தனி ராக்கெட் வேண்டாம். மேடை நிற்பது சில வாரமோ சில மாதமோதான். ஆனால் அந்தச் சில வாரத்தில் இன்சாட் கோள்கள் இருக்கும் வளையத்தைப் பார்த்துப் பார்த்துப் படமனுப்பினால், ஹான்லேயும் காவலூரும் ஸ்ரீஹரிகோட்டாவும் சொல்வதோடு அதைச் சேர்த்துக் கணக்கிடப் பீன்யாவில் உள்ளவர்களுக்கு நல்ல பயிற்சியாகும். போயம் – 3 என்ற மேடையை வேண்டுமென்றே 350 கிலோமீட்டருக்கு இறக்கி, 2024 மார்ச் 21இல் காற்றில் எரிந்துபோகச் செய்தார்கள். ஆகவே நாங்கள் கேட்கும் கண்ணும் வேலை முடிந்ததும் விண்ணில் குப்பையாக நிற்காது. முதல் கண்ணைப் பருவமழைக்கு முன்னதாக, புரட்டாசிக்குள் அனுப்பினால் நன்று.